ரிவால்வர் கேஸ் அளக்க 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியர்: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

பயன்படுத்திய பித்தளை கேஸ்களை (தோட்டாவின் வெளிக்கூடு) மறுபடி நிரப்பித் தோட்டா ஆக்குபவருக்கு முதலில் தேவைப்படும் அளவுகருவி 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியர். நல்ல தயாரிப்புகள் 0.01 மி.மீ. வரை காட்டும், துல்லியம் ±0.02 மி.மீ. இருக்கும். கேஸின் நீளம், ரிம் (அடியில் வெளியே நீட்டியிருக்கும் விளிம்பு), அடிப்பக்க விட்டம் ஆகிய மூன்றுக்கும் இது தாராளமாகப் போதும். நாலாவதாக வாயின் உள்விட்டத்தையும் இதிலேயே பார்த்துவிடலாம் என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கும்.

நீளம்தான் முக்கிய வேலை. ரிவால்வர் தோட்டா வகைகளில் .38 ஸ்பெஷல் கேஸின் அதிகபட்ச நீளம் 29.34 மி.மீ. (1.155 அங்குலம்), .357 மேக்னத்துக்கு 32.77 (1.290), .44 மேக்னத்துக்கு 32.64 (1.285). ரிவால்வர் கேஸ் ரிம்மில்தான் உட்காருகிறது. அதனால் நீளம் சற்றுக் குறைந்தாலும் ஹெட்ஸ்பேஸ் (கேஸின் அடிக்குப் பின்னால் கிடைக்கும் இடைவெளி) மாறாது, மாறுவது கிரிம்ப் (வாயை உள்நோக்கி மடித்துக் குண்டைக் கவ்வச் செய்வது). டையை (கேஸை உருவமைக்கும் அச்சு) ஒரு நீளத்துக்குச் செட் செய்த பிறகு அதைவிட நீளமான கேஸ் வந்தால் வாய் அளவுக்கு மீறி மடங்கும், குண்டுக்குக் கீழே சுவர் புடைக்கும், சிலிண்டரில் முழுதாக இறங்காது. குட்டையான கேஸில் வாய் குண்டைச் சரியாகக் கவ்வாது. பக்கத்து அறைத் தோட்டா வெடிக்கும் உதைப்பில் குண்டு முன்னால் நகர்ந்து, சிலிண்டரையே சுற்றவிடாமல் பூட்டிவிடும். ஆகவே அதிகபட்சத்தைத் தாண்டவில்லை என்பது மட்டும் போதாது. ஒரே தொகுப்பில் எல்லாம் 0.1 மி.மீ.க்குள் இருக்கும்படி பிரித்துக்கொள்வது நல்லது.

அளக்கும் வரிசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடியில் உள்ள பழைய பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பி) தட்டி எடுக்காமல் அளந்தால், அது ஒரு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதையும் சேர்த்தே திரை காட்டும். நல்ல கேஸை வீணாக வெட்டிவிடுவோம். முதலில் பிரைமரை நீக்கி, கழுவி, சைஸிங் டையில் (கேஸைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சு) போட்டு எடுத்த பிறகே நீளம் பார்க்க வேண்டும். டை கேஸைச் சற்று நீட்டவும் செய்யும், கோணிய வாயை வட்டமாக்கவும் செய்யும். டிரிம் செய்த (வாயை வெட்டி நீளத்தைக் குறைத்த) உடனே அளப்பதானால் வாயில் நிற்கும் பிசிறை எடுத்துவிட்டு அளக்கவும்.

தாடைகளைத் துடைத்து மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவும். இடுக்கில் ஒளி தெரியாவிட்டால் பூஜ்யம் வைக்கலாம். கேஸைத் தாடையின் நுனியில் வைக்காமல், அளவுகோலை ஒட்டி வைக்கவும். நுனியில் ஸ்லைடர் சாய்வதால் வரும் பிழை அதிகம். மைக்ரோமீட்டரில் உள்ள ராட்செட் இதில் கிடையாது. பித்தளையோ மென்மையானது. அழுத்தினால் எண் இறங்கிக்கொண்டே போகும். கேஸைச் சுழற்றி மூன்று இடங்களில் பார்த்தால் வாய் சாய்வாக வெட்டுப்பட்டிருப்பதும் அகப்படும்.

.38, .357 இரண்டுக்கும் ரிம் விட்டம் அதிகபட்சம் 11.18 மி.மீ., அடிப்பக்கம் 9.63. அடிப்பக்கத்தை ரிம்மை ஒட்டி மேலேயே அளக்க வேண்டும், ஏனென்றால் டை அதுவரை இறங்குவதில்லை. அங்கே புடைப்பு அப்படியே தங்கிவிடும்.

இனி ஏமாற்றும் இடம். உள்ளளவு எடுக்கும் மேல்தாடைகளின் விளிம்பு கத்திமுனை போலத் தெரிந்தாலும் அதில் சிறு தட்டை உண்டு. 9 மி.மீ. அளவுள்ள துளையில் அந்தத் தட்டையால் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். வாய் எவ்வளவு இறுக்கம் என்று தெரிய, அளவு தெரிந்த உருளைக் கம்பியான ‘பின் கேஜ்’தான் சரி. வெர்னியரின் வாலில் நீளும் ஆழக்கம்பியை வைத்து பிரைமர் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்ப்பதும் வீண் வேலை. மெல்லிய கம்பி சற்றே சாய்ந்தாலும் கணக்கு போயிற்று. பிரைமர் மேலெழும்பி நிற்கிறதா என்பது, ரிம்மின் மேல் நேர்விளிம்பு ஒன்றை வைத்தாலே தெரிந்துவிடும்.

கேஸை நுழைத்துப் பார்க்கும் துளை வடிவ கேஸ் கேஜ் வாங்கினால் வெர்னியர் வேண்டாமா? கேஜ் ‘போகும், போகாது’ என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஓர் உதாரணம்: .357 சிலிண்டரில் .38 நிறையச் சுட்டால், குட்டையான கேஸின் வாய்க்கு முன்னால் கரி வளையமாகப் படியும். அதன்பின் .357 தோட்டா முழுதாக இறங்காது. கேஜில் சரியாக நுழைந்து, வெர்னியரிலும் அளவு சரியாக வந்தால் குற்றம் கேஸில் இல்லை. சிலிண்டரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் உடல் கொண்டவற்றைத் தொடவே வேண்டாம், அழுத்தினால் வளைகின்றன. விலை குறைந்த டிஜிட்டல்களில் இன்னொரு தொல்லை: அணைத்த பிறகும் பல மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எல்ஆர்44 பேட்டரிக்குப் பதில் எஸ்ஆர்44 போட்டால் கூடுதலாக உழைக்கும். நாள்கணக்கில் சும்மா வைப்பதானால் கழற்றி வைக்கவும். பேட்டரியே வேண்டாம் என்பவர்களுக்கு டயல் வெர்னியர் இருக்கிறது. ஆனால் அதை கேஸ் வெட்டும் டிரிம்மர் மேசைமேல் வைக்காதீர்கள். முள்ளை நகர்த்தும் பல்சட்டத்தில் ஒரு பித்தளைத் துருவல் சிக்கினாலும் முள் தாவிவிடும்.