கச்சானுக்கு எதிரே கரைசேரும் கயாக்

துடுப்பால் வலிக்கிற சின்னப் படகான கயாக்கை முதல் முறை வாங்க யோசிக்கிறவர்கள் எல்லாரும் "அண்ணா, எது கவிழாது?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலோ சாம்பல்தீவிலோ கடலில் இறக்கப்போகிற ஆள் அதற்கு முன்னால் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. கச்சான் காற்று எழும்பிய பிறகு எது கரைக்கு வந்து சேரும்? நான் சில வருடங்களாக ஒரே கயாக்கில் தூண்டில் போட்டு வருகிறேன். அதை வாங்கியதிலும், அதில் எதைப் பூட்டுவது எதைக் கழற்றுவது என்று தீர்மானித்ததிலும் இந்தக் கேள்விதான் கடைசியில் ஜெயித்தது.

புதியவர்களுக்காகக் காற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மே தொடங்கி செப்டெம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று இலங்கைத் தீவைக் குறுக்கே கடந்து, காய்ந்து சூடாகி, நம்முடைய கிழக்குப் பக்கத்தில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையில் நின்று பார்த்தால் கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கிடக்கும். கரையோரத்தில் அலையைக் கிளப்பக் காற்றுக்குத் தண்ணீர்மேல் ஓடுகிற தூரம் போதாது, அவ்வளவுதான். ஒரு கிலோமீற்றர் வெளியே போனால் அதே காற்று வெள்ளை முகடுகளோடு காத்திருக்கும். தங்கூசி என்கிற தூண்டில் நரம்பின் சிக்கலை எடுத்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஹோட்டல் கூரைகள் சின்னதாகிவிடும். சல்லிப் பக்கம் வலை இழுக்கிற ஒரு ஐயா என்னுடைய கயாக்கைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "போறது பெரிய வேலையில்ல தம்பி, காத்தே கொண்டுபோய் விடும். வாறதுதான் உன்ர கையில கிடக்கு."

என்னுடையது பன்னிரண்டு அடி நீளம், முப்பது அங்குல அகலம், வெறுமையாக இருபத்தேழு கிலோ எடை. பொலிஎதிலீனை அச்சுக்குள் சுழற்றி வார்த்த ஒரே துண்டு. மேலே உட்காரும் வகை. பழையதாகத்தான் வாங்கினேன்; புதிய இறக்குமதியின் விலைக்கு நல்லதொரு மோட்டார்சைக்கிள் வாங்கலாம். நண்பர் ஒருவருடையது பத்தடி நீளமும் முப்பத்தைந்து அங்குல அகலமும். அதில் எழுந்து நின்று தூண்டில் வீசலாம், படம் எடுத்தால் அழகாக இருக்கும். காற்றில்லாத காலையில் அவர்தான் ராஜா. காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியதும் நான் இரண்டு வலி வலித்தால் அவர் மூன்று வலிக்கவேண்டும், அப்போதும் பின்னால்தான் வருவார். அகலம் கூடக்கூடத் தண்ணீரைத் தள்ளுகிற வேலையும் கூடும். நீளம் இருந்தால் அதே வலிப்பில் கூடுதல் தூரம் ஓடும்.

அகலம் குறைந்தால் ஆடும் என்று பயப்படுவார்கள். ஆடும்தான். ஆடுவது வேறு, கவிழ்வது வேறு. ஏறி உட்கார்ந்தவுடன் இடுப்புக்குக் கீழே ஒரு நடுக்கம் இருக்கும். கொஞ்சம் சரிந்த பிறகு பக்கவாட்டு வளைவு தண்ணீரைப் பிடித்துத் தாங்கிக்கொள்ளும். நல்ல கயாக்கில் இந்த இரண்டாவது பிடி பலமாக இருக்கும். வாங்க முன்னர் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, வேண்டுமென்றே சரித்துப் பாருங்கள். விற்கிறவர் தண்ணீரில் இறக்கிக் காட்டமாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

உள்ளே உட்காரும் வகையை நம் கடலுக்கு நான் சொல்லமாட்டேன். ஒருமுறை நிரம்பினால் தனியாளாக நடுக்கடலில் இறைத்து முடிக்கமுடியாது. மேலே உட்காரும் வகையில் அடியில் ஊடுருவிப்போகும் ஸ்கப்பர் துளைகள் வழியாக ஏறின தண்ணீர் தானாக இறங்கிவிடும், கவிழ்ந்தாலும் நிமிர்த்தி மேலே ஏறலாம். காற்றடைக்கும் கயாக்குகள் ஓட்டோவில்கூடக் கொண்டுபோகலாம் என்கிற ஒரு வசதிதான். உயரமாக மிதப்பதால் காற்று அதைத்தான் முதலில் பிடிக்கும். முருகைக்கல்லும் மீன் முள்ளும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பெடல் மிதிக்கும் கயாக் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ஹோபி நிறுவனம் 1997இல் மிராஜ் டிரைவ் என்ற பெடல் பொறியைக் கொண்டுவந்ததிலிருந்து கயாக் மீன்பிடிப்பே மாறிப்போனது என்பது உண்மை. காலால் ஓட்டிக்கொண்டு இரண்டு கையாலும் மீனோடு மல்லுக்கட்டலாம், காற்றுக்கு எதிரே ஓரிடத்தில் நிற்கலாம். ஆனால் பாரம் கூடும், விலை பல மடங்கு ஏறும், கல் நிறைந்த ஆழமில்லாத இடத்தில் அடியில் தொங்கும் பாகம் இடிபடும். ஒரு சின்னப் பாகம் உடைந்தால் கொழும்பிலும் கிடைக்குமா என்று தேடவேண்டும். காசு இருக்கிறவர் வாங்கட்டும், நான் தடுக்கமாட்டேன்.

சரி, சாமான்கள்.

இணையத்தில் பார்க்கிற கயாக்குகளில் கம்பம், கொடி, மீன் தேடும் திரை, பின்னால் ஆறு தூண்டில் நிமிர்ந்து நிற்கும் பெட்டி எல்லாம் இருக்கும். தண்ணீருக்கு மேலே நிற்கிற ஒவ்வொரு சாமானும் கச்சானுக்கு ஒரு சின்னப் பாய். என்னிடம் இப்போது மிஞ்சியிருப்பவை உட்காரும் இடத்துக்குப் பின்னால் பதித்த இரண்டு தூண்டில் குழாய்கள், சோடாப் போத்தல் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, ஒரு இடுக்கி, ஒரு கத்தி. பெட்டி கட்டப்பட்டிருக்கிறது. இடுக்கியிலும் கத்தியிலும் துடுப்பிலும் கயிறு இருக்கிறது. துடுப்புக் கயிறு இல்லாமல் யாரும் இறங்கவேண்டாம். காற்றில் கைவிட்ட துடுப்பை நீந்திப் பிடிக்கமுடியாது, கயாக் ஒருபக்கம் போகும், துடுப்பு மறுபக்கம் போகும். துடுப்புக்கு மட்டும் காசைக் கொட்டலாம். முப்பது அங்குல அகலத்துக்கு இருநூற்று முப்பது சென்ரிமீற்றர் நீளம் எனக்குச் சரியாக இருக்கிறது. பாரமான அலுமினியத் துடுப்பிலிருந்து பைபருக்கு மாறிய பிறகு தோள்பட்டை வலி பாதியாகக் குறைந்தது.

பதில் தெரியாமல் எல்லாரும் திணறுகிற விசயம் நங்கூரம். கயாக்கின் நடுப்பக்கத்தில் கயிற்றைக் கட்டினால் காற்றும் ஓட்டமும் பக்கவாட்டில் அடித்து ஒரு பக்கம் தாழ்த்திவிடும். அணியம் என்கிற முன் நுனியிலிருந்தோ பின் நுனியிலிருந்தோதான் நிற்கவேண்டும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து நுனியை எட்டமுடியாது. அதனால் ஒரு பக்கவிளிம்பில், முன்னும் பின்னும் ஒவ்வொரு சின்னக் கப்பி போட்டு, அவற்றுக்கிடையே வளையமாகக் கயிறு ஓடவிட்டிருக்கிறேன். நங்கூரக் கயிறு அந்த வளையத்தில் கோர்த்த ஒரு இரும்பு வட்டத்துக்குள்ளால் போகும். கயிற்றை இழுத்தால் வட்டம் நுனிக்கு ஓடும். கழற்றும்போது நடுவுக்கு இழுத்துக்கொள்ளலாம். நங்கூரக் கயிற்றின் கைப்பக்க முனையில் மிதப்பாக ரெஜிபோம் துண்டொன்று கட்டியிருக்கிறது. பெரிய பாரை மீன் இழுத்தால் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு மீனோடு போகலாம், திரும்பி வந்து மிதப்பைப் பொறுக்கலாம். முருகைக்கல்லுக்கு மேல் நங்கூரம் போடுவதில்லை. கல்லும் உடையும், நங்கூரமும் வராது. அங்கே உரப்பையின் வாயை விரித்துக் கயிறு கட்டித் தண்ணீருக்குள் விட்டால் போதும், கயாக் இழுபடுகிற வேகம் நன்றாகக் குறையும். கடையில் இதையே கடல் நங்கூரம் என்று காசுக்கு விற்கிறார்கள்.

ஆணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாட்வெயார் கடையில் எவர்சில்வர் என்று தருவதெல்லாம் உப்புத் தண்ணீரைத் தாங்காது. 304 ரகம் சில மாதங்களில் பழுப்புக் கண்ணீர் வடிக்கும். 316 கேட்டு வாங்குங்கள். பொலிஎதிலீனில் பசை ஒட்டாது, அதனால் பூட்டுகிற எதுவும் ஆணியையும் உட்பக்க வாஷரையும்தான் நம்பி நிற்கும். துளை போட முன் உள்ளே கை எட்டுமா என்று பாருங்கள்.

மீன் விசயத்துக்கு வந்தால், துடுப்பு வலிக்கும் வேகமே இழுவைத் தூண்டிலுக்குப் போதும். பின்னால் செயற்கை இரையை விட்டபடி போனால் சீலாவும் பாரையும் அடிக்கும். சீலாவை ஏற்றும்போது மட்டும் கவனம். கயாக்கில் நீங்கள் தண்ணீர் மட்டத்தில் தொடையை நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள், அந்தப் பல்வரிசை உங்கள் மடிக்குத்தான் வரும். நான் இரண்டு காலையும் வெளியே தொங்கவிட்டு, தலைக்குப் பின்னால் அமத்திப் பிடித்து, இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றிய பிறகே காலை உள்ளே எடுப்பேன். ஐஸ் பெட்டி வைக்கவில்லை. ஈரச் சாக்கு போதும், காலை ஒன்பதுக்கு முன்னால் கரையில் இருப்பதால்.

புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே மீன் பிடிக்கக்கூடாது. உட்துறைமுகத்தில் கடற்படைப் பக்கத்தை அணுகக்கூடாது. இரண்டும் தெரிந்தவைதான், ஆனால் இழுபட்டுப் போனவன் என்ற சாக்கு அங்கே எடுபடாது. வாடைக் காலத்தில், அதாவது நவம்பரிலிருந்து, நிலாவெளிக் கரையில் உடைகிற அலைக்குள் இறக்குவதை விட்டுவிட்டுக் கிண்ணியாப் பக்கக் களப்புக்குப் போகலாம். பாலத்தடியில் மட்டும் ஓட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

களப்புத்தானே என்று உயிர்காப்பு அங்கியைக் கழற்றிவைப்பவர்களை இன்னும் காண்கிறேன். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளின் உயிர் போனது களப்பில்தான். முதுகுப்பக்கம் உயரமாக வெட்டிய அங்கி வாங்கினால் கயாக் இருக்கையில் இடிக்காது. போட்டுக்கொண்டே கவிழ்ந்து, மறுபடி ஏறிப் பழகுங்கள். வயிறு முதலில், பிறகு புட்டம், கடைசியாகக் கால். வேறு வரிசையில் ஏறப் பார்த்தால் மறுபக்கம் விழுவீர்கள்.

இத்தனை காலத்தில் தேய்ந்தவை என்று பார்த்தால், மணலில் இழுத்ததால் பின்னடி நன்றாக மெலிந்துவிட்டது, இப்போது சின்னச் சக்கர வண்டியில் தள்ளுகிறேன். முன் மூடியின் ரப்பர் இறுகி, உள்ளே ஒரு குவளை தண்ணீர் எப்போதும் இருக்கும். இப்போதிருப்பது இரண்டாவது இருக்கை. தகரக் கொட்டிலின் வெக்கையில் தாங்குகட்டைகள் அழுத்தி அடியில் குழி விழுந்தது. வெயிலில் குப்புற வைத்து, சூடாகியதும் உள்ளிருந்து தள்ள மீண்டுவிட்டது. இப்போது அகலமான இரண்டு பட்டியில் பக்கவாட்டில் தொங்குகிறது. கிணற்றுத் தண்ணீரில் கழுவாமல் ஒருநாளும் தொங்கவிடுவதில்லை.

மறுபடி வாங்கினால் இதே நீளம், இதே அகலம், ஆனால் சுக்கானோடு. எதிர்க்காற்றில் சுக்கான் இல்லாதது பெரிய குறையாகத் தெரியவில்லை. கரையோரமாக உப்புவெளியிலிருந்து சல்லிக்குப் போகும்போது பக்கக் காற்று அணியத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கும். ஒரே பக்கம் வலித்து வலித்து வலது மணிக்கட்டு வீங்கிவிடுகிறது. பழைய கயாக்கில் பின்னடியில் சுக்கான் பூட்டத் துளையிட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என்னுடையதில் இல்லை. அந்தச் சுவர் மெலிந்திருப்பதால் இனித் துளை போடவும் மனம் வரவில்லை.