விரல் நுனியில் ஓர் எண்: பல்ஸ் ஆக்ஸிமீட்டருடன் மூன்று ஆண்டுகள்

துணி காயப்போடும் கிளிப்பைவிடச் சற்றே பெரிதாக இருக்கும் இந்தக் கருவியை, என் மாமியாருக்கு நுரையீரல் நோய் உறுதியான வாரத்தில் வாங்கினேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. இந்த வகைக் கருவிகள் பலவற்றுக்கும் பொதுவானது.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். விரலை நுழைத்த சில நொடிகளில் ஆக்சிஜன் அளவும் நாடித் துடிப்பும் திரையில் தெரிந்துவிடும். எழுத்துகள் பெரியவை; கண்ணாடி அணியாமலே மாமியாரால் படிக்க முடிகிறது. ஸ்பிரிங் இன்னும் தளரவில்லை, பேட்டரியும் மாதக்கணக்கில் வருகிறது. விரல் சில்லிட்டிருந்தாலோ, நகத்தில் அடர்நிற நெயில் பாலிஷ் இருந்தாலோ எண் தடுமாறும் என்பதைக் கையேடே சொல்லிவிடுகிறது. இவ்வளவோடு முடித்திருந்தால் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

வாங்கிய இரண்டாவது ஆண்டில், ஒருநாள் காலை மாமியார் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். கருவி 95 சதவீதம் என்று காட்டியது. தொலைபேசியில் பேசிய செவிலியர் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு, “தொண்ணூற்றைந்து இருக்கே, பயப்பட வேண்டாம், நாளைக்குக் கூட்டிட்டு வாங்க” என்றார். மாலைவரைகூடப் பொறுக்க மனம் வரவில்லை. மருத்துவமனையில் மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அளவு 89 என்று வந்தது. அதே நேரத்தில் என் கருவியோ அவர் விரலில் 94 காட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்மா. நம்ம மாதிரி கறுத்த தோல்ல இன்னும் கூட்டிக் காட்டும்” என்றார். ஒரேயொரு அளவீட்டை வைத்துக்கொண்டு அன்றைய பிழைக்குத் தோலின் நிறம்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதை அறிவேன். ஆனால் அவர் சொன்ன அந்தச் சொல்தான் என்னைப் படிக்க வைத்தது.

கருவி செயல்படும் விதம் எளியது. ஒரு பக்கத்திலிருந்து 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியும், 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறி விரலுக்குள் பாய்கின்றன. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், ஆக்சிஜன் ஏறியது அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் இழந்தது சிவப்பை அதிகம் உறிஞ்சும். நாடித் துடிப்புக்கேற்ப மாறும் பகுதியை மட்டும் பிரித்து எடுத்தால் தோல், எலும்பு, நகம் எல்லாம் கணக்கிலிருந்து விலகிவிடும் என்பது 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயகி கண்ட அருமையான வழி. கோட்பாட்டளவில், தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அப்படியே விலகிவிட வேண்டும். நடைமுறையில் முழுவதும் விலகுவதில்லை. அதற்கு மேல், இரண்டு ஒளிகளும் உறிஞ்சப்பட்ட விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் அட்டவணையைத் தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்து, அவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் தயாரிக்கிறார்கள். அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் வெளிர்நிறத் தோலினராக இருந்தால், அட்டவணையும் அவர்களுக்கே பொருந்துவதாக அமைந்துவிடுகிறது.

இது நேற்றுத் தெரியவந்த செய்தியன்று என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த கறுப்பின நோயாளிகளிடம் இக்கருவி அதிகம் தவறுகிறது என்று 1990-இலேயே அமெரிக்க ஆய்வு ஒன்று எழுதிவிட்டது. ஆக்சிஜன் குறையக் குறையக் கறுத்த தோலில் பிழை பெருகுகிறது என்று 2005-இல் இன்னொன்று சொன்னது. அதாவது, எந்த நேரத்தில் கருவி நமக்குத் தேவையோ அந்த நேரத்தில்தான் அது அதிகம் பிசகுகிறது. அப்போதெல்லாம் பெரிதாக யாரும் அசைந்துகொடுக்கவில்லை. கோவிட் வந்து, வீட்டிலேயே இருப்பதா மருத்துவமனைக்குப் போவதா என்பதை விரல் நுனி எண் தீர்மானிக்கத் தொடங்கிய பிறகுதான், 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் எழுதிய கடிதம் கவனம் பெற்றது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில், தமனி ரத்தத்தின் உண்மையான ஆக்சிஜன் அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். ஏறத்தாழ மூன்று மடங்கு. 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்தப் பிழையின் காரணமாகக் கறுப்பின, ஹிஸ்பானியக் கோவிட் நோயாளிகள் சிகிச்சைக்குத் தகுதியானவர்கள் என்பதே தாமதமாகக் கண்டறியப்பட்டதைக் காட்டியது.

மீண்டும் என் கருவியின் கையேட்டுக்கு வருகிறேன். பொடி எழுத்தில் ‘துல்லியம் ±2’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாங்குகிறவர் இதைப் படித்தால், 94 என்றால் உண்மை அளவு 92-க்கும் 96-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று நினைப்பார். இந்தக் குறியீட்டின் பொருள் அதுவன்று. சோதனை அளவீடுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் அந்த எல்லைக்குள் விழுந்தன என்பதே அதன் பொருள். எஞ்சிய மூன்றில் ஒரு பங்கு யாருடைய விரல்கள் என்பதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரியும் இல்லை. நெயில் பாலிஷுக்கு எச்சரிக்கை உண்டு, தோலுக்கு இல்லை. பூசியதை அழித்துவிடலாம், பிறந்த நிறத்தை என்ன செய்வது?

சட்டமும் நீண்ட காலம் இதைப் பெரிதாகக் கேட்கவில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மருத்துவப் பயன்பாட்டுக்கான கருவியைக் குறைந்தது பத்துப் பேரிடம் சோதித்தால் போதும் என்றது; அவர்களில் இருவரோ 15 சதவீதத்தினரோ, எது அதிகமோ அத்தனை பேர் அடர்நிறத் தோலினராக இருக்க வேண்டும். இருவர்! விளையாட்டு, உடல்நலக் கருவி என்ற பெயரில் விற்கப்படுபவற்றுக்கு அந்தச் சோதனையும் கட்டாயமில்லை. 2021 பிப்ரவரியில் அந்த நிர்வாகம் பொது எச்சரிக்கை விடுத்தது. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில்தான் சோதனைக்கு உட்படுவோர் எண்ணிக்கையைக் குறைந்தது 150 ஆக உயர்த்தி, தோலின் நிறத்தை அளவுகோல் வைத்து மதிப்பிடச் சொன்னது.

இதைக் கருவி செய்பவர்களின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சிறுநீரகத் திறனைக் கணக்கிட 2009-இல் வந்த சமன்பாடு, நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கச் சொன்னது. ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றேயானாலும், தாளில் அவருடைய சிறுநீரகம் கூடுதல் ஆரோக்கியமாகத் தெரியும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் அவர் பெயர் பின்னரே ஏறும். அந்தப் பெருக்கல் 2021-இல்தான் நீக்கப்பட்டது. அங்கே நிறத்தைக் கணக்கில் சேர்த்துத் தவறினார்கள், இங்கே சேர்க்காமல் தவறினார்கள். இரண்டிலும் எண் கூடித்தான் வருகிறது, சிகிச்சை தள்ளித்தான் போகிறது.

அப்படியானால் இதை வாங்கலாமா? வாங்கலாம். ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிட இது நிச்சயம் மேல். உயிர்களைக் காத்த கருவி என்பதையும் மறுக்க மாட்டேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். ஒரு நட்சத்திரத்தைப் பிழைக்காகவும், இன்னொன்றை அந்தப் பிழையைச் சொல்லாமல் விட்ட கையேட்டுக்காகவும் குறைத்திருக்கிறேன். மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றதா என்று பார்த்து வாங்குங்கள். உடல்நிலை நன்றாக இருக்கும் நாளிலேயே வழக்கமான அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். தனியொரு எண்ணை நம்பி இருந்துவிடாதீர்கள். மூச்சுத் திணறலோ, உதடு நீலம் பாய்வதோ, குழப்பமான பேச்சோ இருந்தால், திரை எதைக் காட்டினாலும் உடனே கிளம்புங்கள்.

மாமியாரின் நோட்டில் இப்போது மூன்று பத்திகள் இருக்கின்றன: நேரம், எண், ‘ஒரே மூச்சில் எத்தனை சொல்’. மூன்றாவதை அவரே கோடு போட்டுச் சேர்த்தார். நேற்று 95, ஒன்பது சொல்.