மகாமகமா, துலா முழுக்கா?

வயதான பெற்றோரைப் புனித நீராட அழைத்துச் செல்ல விரும்புவோர் பலர், மகாமகம் நடக்கும் கும்பகோணமா, காவிரியில் துலா முழுக்கு நடக்கும் மயிலாடுதுறையா என்று தயங்குகிறார்கள்.

காலம்: மகாமகம் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை, 2016-க்குப் பின் 2028-இல் வருகிறது. துலா முழுக்கோ ஆண்டுதோறும் ஐப்பசி முழுவதும் உண்டு.

நீராடல்: மகாமகக் குளத்தினுள் உள்ள 20 தீர்த்தக் கிணறுகளிலிருந்து வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள், மயிலாடுதுறையில் துலாக்கட்டப் படியிறங்கிக் காவிரியிலேயே மூழ்கலாம், ஆனால் வெள்ளம் மிகுந்த நாளில் மேல்படியில் அமர்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வதே நலம்.

கூட்டம்: 1992 மகாமக நெரிசலில் உயிர்கள் பறிபோனதை மறக்க இயலாது. ஐப்பசி இறுதிநாள் கடைமுழுக்கிலும் கூட்டம் திரளும். அன்று வர இயலாதவர்களுக்கென்றே கார்த்திகை முதல் நாளில் முடவன் முழுக்கு இருப்பது என்னை எப்போதும் நெகிழச் செய்கிறது.

முழங்கால் வலியுள்ளவர்களுக்கு ஐப்பசியின் சாதாரண நாள் விடியலே ஏற்றது. உடல்திடம் உள்ளவர்கள் 2028 மாசிக்குக் காத்திருக்கலாம்.