ஜிம் தார்ப்பா, பேப் டிட்ரிக்சனா? பல ஆட்டங்களில் கொடிநாட்டியவர்களில் முதலிடம் யாருக்கு

உலகின் மிகச் சிறந்த விளையாட்டு வீரர் யார் என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கும். பிராட்மன் என்பார் ஒருவர், பெலே என்பார் இன்னொருவர், உசைன் போல்ட் என்பார் மூன்றாமவர். மூவரும் ஆடிய களங்களே வேறு என்பதால் அந்த வாக்குவாதம் விடியும்வரை ஓடும். ஒன்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகளில் உச்சம் தொட்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பட்டியல் சட்டென்று பத்துப் பன்னிரண்டு பெயர்களுக்குச் சுருங்கிவிடும். அந்தப் பெயர்களை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்க்கவும் முடியும்.

எத்தனை ஆட்டங்கள் ஆடினார் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது இங்கேயும் பொருந்தும். குறைந்தது இரண்டு விளையாட்டுகளிலாவது உச்சிக்கு அருகில் போனாரா என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்றும் பார்க்க வேண்டும். நூறு மீட்டர் ஓடுபவர் நீளம் தாண்டினால் ஆச்சரியம் இல்லை, இரண்டுக்கும் வேண்டியது அதே கால்வேகம்தான். ஈட்டி எறிகிறவர் கோல்ஃப் குழியைச் சுற்றிய புல்தரையில் ஆறடி தூரத்துப் பந்தைக் குழிக்குள் உருட்டுவது அப்படியல்ல.

இந்த அளவுகோலை வைத்தால் முதலில் வெளியேறுபவர்கள் பத்துத் தடகளப் போட்டிகளைச் சேர்த்து ஆடும் டெக்கத்லான் வீரர்கள். டேலி தாம்சன் 1980, 1984 ஒலிம்பிக்குகளில் அடுத்தடுத்துத் தங்கம் வென்றார். பெண்களின் ஹெப்டத்லானில் ஜாக்கி ஜாய்னர் கெர்சி 1988இல் சியோலில் குவித்த 7,291 புள்ளிகளை இன்னும் யாரும் தாண்டவில்லை. ஆனாலும் அவை தடகளம் என்ற ஒரே வீட்டின் பத்து அறைகள், ஏழு அறைகள். ஜாய்னர் கெர்சி கல்லூரியில் கூடைப்பந்தும் நன்றாக ஆடினார் என்பதால் அவரை நீக்கும்போது மனம் கொஞ்சம் உறுத்துகிறது. மைக்கேல் ஜோர்டானை நீக்குவதில் எந்த உறுத்தலும் இல்லை. கூடைப்பந்தின் அரசர் 1994இல் பேஸ்பால் மட்டையோடு பர்மிங்ஹாம் அணிக்குப் போனார். அது முதல்நிலைக்கு இரண்டு படி கீழே இருக்கும் லீக். அங்கே அவருடைய சராசரி .202, அதாவது ஐந்து முயற்சிக்கு ஒரு அடி. இரண்டு விளையாட்டுகளுக்கு இடையே எவ்வளவு ஆழமான பள்ளம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பெரும்பாலோர் முதலில் சொல்லும் பெயர் ஜிம் தார்ப். இன்றைய ஓக்லஹோமாவில், சாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடியில் பிறந்தவர். பென்சில்வேனியாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட கார்லைல் பள்ளியில்தான் அவர் வெளிச்சத்துக்கு வந்தார். 1911இல் அந்தப் பள்ளி அணி ஹார்வர்டை, பந்தைக் கையில் ஏந்தியும் ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் 18–15 என்று வென்றபோது நான்கு ஃபீல்டு கோல்கள் தார்ப்பின் காலிலிருந்து வந்தவை. மறு ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெக்கத்லான் இரண்டிலும் தங்கம். பென்டத்லானின் ஐந்து போட்டிகளில் நான்கில் முதலிடம். டெக்கத்லானில் இரண்டாவதாக வந்த ஸ்வீடனின் ஹியூகோ வீஸ்லாண்டரைவிட ஏறக்குறைய 700 புள்ளிகள் முன்னே இருந்தார். காலணி திருடுபோனதால் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடினார் என்று ஒரு கதை உண்டு. புகைப்படத்தில் அவர் காலுறைகள் இரண்டும் வேறு வேறாக இருப்பது மட்டும் கண்கூடு.

அடுத்து நடந்தது விளையாட்டு வரலாற்றின் அவமானங்களில் ஒன்று. ஒலிம்பிக்குக்கு முன் வட கரோலினாவில் சொற்பக் காசுக்குச் சிறு லீக்குகளில் பேஸ்பால் ஆடியவர், காசு வாங்காமல் ஆடும் அமெச்சூர் அல்ல என்று காட்டி, 1913இல் பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். போட்டி முடிந்து 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும் என்ற விதி அப்போதே இருந்தது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1982இல் ஒலிம்பிக் குழு அவரைக் கூட்டு வெற்றியாளராக ஏற்றுக்கொண்டது. தனி வெற்றியாளர் என்று எழுத 2022 வரை ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1953இலேயே இறந்துவிட்டார். அமெரிக்கப் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 1924இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அவசரத்தின் காரணம் ஓரளவு விளங்கும்.

அனுதாபம் வேறு, மதிப்பீடு வேறு. அமெரிக்கக் கால்பந்தில் தார்ப் சந்தேகமில்லாமல் சிகரம். கேண்டன் புல்டாக்ஸ் அணியின் தூணாக இருந்தார். பின்னாளில் அந்த ஆட்டத்தின் முதல்நிலை லீக்கான என்எஃப்எல் ஆன சங்கம் 1920இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக அவர் பெயரைத்தான் போட்டார்கள். பேஸ்பாலில் அப்படியில்லை. 1913 முதல் 1919 வரை ஆறு பருவங்கள், 289 ஆட்டங்கள், சராசரி .252. முதல்நிலை லீக்கில் இடம் கிடைப்பதே பெரிது, ஆனால் அது உச்சமல்ல, நடுவரிசை. ஆகத் தார்ப்பின் கணக்கில் தடகளம், அமெரிக்கக் கால்பந்து என்று இரண்டு சிகரங்கள், பேஸ்பால் ஒரு மேடு. அந்த இரண்டு சிகரங்களுக்கும் அடித்தளம் ஒன்றே: ஓட்டம், பாய்ச்சல், உடல்வலு. இங்கேதான் எனக்கு இடிக்கிறது.

பேப் டிட்ரிக்சனைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது குறைவு என்பதால் அவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நார்வேயிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1911இல் டெக்சஸில் பிறந்தவர். டாலஸில் ஒரு காப்பீட்டு நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது. வேலை பெயருக்குத்தான், உண்மையில் அவர்களுக்குத் தேவைப்பட்டது பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஒரு ஆள். 1931இல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது. 1932 ஜூலையில் இல்லினாய்ஸின் எவன்ஸ்டனில் நடந்த தேசியத் தடகளப் போட்டிக்கு அதே நிறுவனம் ஒரு அணியை அனுப்பியது. அணியில் இருந்தது பேப் ஒருவர் மட்டுமே. ஒரே பிற்பகலில் எட்டுப் போட்டிகளில் இறங்கினார். ஐந்தில் தனி முதலிடம், ஒன்றில் கூட்டு முதலிடம். அணிப் பட்டியலில் அவருக்கு 30 புள்ளிகள். இரண்டாவது வந்தது 22 பேர் கொண்ட இல்லினாய்ஸ் பெண்கள் அணி, அதற்குக் கிடைத்தவை 22 புள்ளிகள். அணிப் பட்டத்தை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு போன இந்த நிகழ்வுக்கு ஈடாக விளையாட்டு வரலாற்றில் எனக்கு இன்னொன்று தெரியாது.

சில வாரங்கள் கழித்து லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். பெண்களுக்கு அப்போது தடகளத்தில் இருந்ததே ஐந்து தனிநபர்ப் போட்டிகள், அவற்றிலும் ஒருவர் மூன்றில்தான் கலந்துகொள்ளலாம். 80 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம், ஈட்டி எறிதலில் தங்கம். உயரம் தாண்டுதலில் ஜீன் ஷைலியும் அவரும் ஒரே உயரத்தைத் தாண்டினார்கள். பேபின் தலை உடலுக்கு முன்னால் கம்பியைக் கடந்தது முறையல்ல என்று நடுவர்கள் சொன்னதால் அவருக்கு வெள்ளி. ஓட்டம், எறிதல், தாண்டுதல் மூன்றிலும் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர் அவர் ஒருவரே.

இவ்வளவோடு நின்றிருந்தால் தார்ப்புக்கு அடுத்தபடி என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அவர் அதன்பின் கோல்ஃப் மட்டையை எடுத்தார். வேகமும் வலுவும் அந்த ஆட்டத்தில் பாதிகூட இல்லை. பதற்றம் அடங்க வேண்டும், மணிக்கட்டு கட்டுக்குள் இருக்க வேண்டும், நான்கு நாட்கள் ஒரே மனநிலை நீடிக்க வேண்டும். 1935இல் டெக்சஸ் பெண்கள் பட்டம் வென்ற கையோடு, இவர் அமெச்சூர் அல்ல என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் கதவைச் சாத்தியது. தார்ப்புக்கு விழுந்த அதே அடி. காத்திருந்து 1943இல் அந்தத் தகுதியைத் திரும்பப் பெற்றார். 1946இல் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் பட்டம், 1947இல் ஸ்காட்லாந்தின் கல்லனில் பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் பட்டம். அதை வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கமான எல்பிஜிஏவை 1950இல் தொடங்கிய 13 பேரில் ஒருவர். மேஜர் எனப்படும் தலையாய போட்டிகளில் மொத்தம் பத்துப் பட்டங்கள். 1953இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. மறு ஆண்டு, வயிற்றில் கழிவுப் பையோடு ஆடி, மாசசூசெட்ஸில் நடந்த பெண்கள் அமெரிக்க ஓப்பனை 12 ஸ்ட்ரோக், அதாவது 12 அடி, வித்தியாசத்தில் வென்றார். 1956இல், 45 வயதில் இறந்தார்.

இதற்கு வழக்கமாக எழும் மறுப்பு: அந்தக் காலத்தில் பெண்கள் போட்டியில் ஆட்களே குறைவு, எதிர்ப்பு இல்லாத இடத்தில் வெல்வது பெரிதா? இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1932இல் உலகின் பெரும்பாலான நாடுகளில் ஒரு பெண் ஈட்டியைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார். ஆனால் இந்த அளவுகோலைப் பேபுக்கு மட்டும் வைப்பது நியாயமல்ல. தார்ப் வென்ற ஆண்டில்தான் அந்த வடிவ டெக்கத்லான் ஒலிம்பிக்குக்கே அறிமுகமானது. அவர் ஆடிய தொழில்முறைக் கால்பந்து, சிறு நகர அணிகள் சில கூடி நடத்திய ஆட்டம். அவருடைய பேஸ்பால் லீக்குகளில் கறுப்பின வீரர்களுக்கு இடமே இல்லை. ஆள் குறைவு என்று கழிக்கத் தொடங்கினால் தார்ப்பிடமும் கழிக்க வேண்டும். மேலும், ஆண்களின் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளிலேயே பேப் களமிறங்கி, பின்தங்கியவர்களைப் பாதியில் வெளியேற்றும் வெட்டுச் சுற்றை 1945இல் தாண்டியிருக்கிறார்.

ஆள் அடர்த்தியைத்தான் அளவுகோலாக வைப்போம் என்றால் வெல்வது இவர்கள் இருவருமல்ல, போ ஜாக்சன். 1985இல் கல்லூரி அளவிலான அமெரிக்கக் கால்பந்தின் உயரிய ஹைஸ்மன் விருது. பிறகு கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்குப் பேஸ்பால், அது முடிந்ததும் லாஸ் ஏஞ்சலிஸ் ரெய்டர்ஸ் அணிக்குக் கால்பந்து. 1989 பேஸ்பாலில் 32 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றவை), லீக்கின் சிறந்தவர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த வீரர். கால்பந்தில் ஒவ்வொரு முறை பந்தை ஏந்தி ஓடியபோதும் சராசரியாக 5.4 கெஜம். இரண்டிலும் ஆல் ஸ்டார் தகுதி பெற்ற முதல் ஆள் அவர். 1991 ஜனவரியில் இடுப்பு எலும்பு விலகியதோடு கால்பந்து முடிந்தது. மொத்தம் ஆடியது 38 ஆட்டங்கள். செயற்கை இடுப்போடு 1993இல் பேஸ்பாலுக்குத் திரும்பி, முதல் அடியிலேயே ஹோம் ரன் விளாசினார். திறமை என்று மட்டும் கேட்டால் இவர்தான் முதலிடம் என்று சொல்பவரோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் முழுக் கணக்கைக் கேட்டால், நான்கு கால்பந்துப் பருவங்கள் போதாது. அதே 1989 பருவத்தில் அவர் 172 முறை பந்தை அடிக்க முடியாமல் ஸ்டிரைக் அவுட் ஆனார் என்பதை ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் சி.பி. ஃபிரையை முன்வைப்பார்கள். 1893இல் நீளம் தாண்டுதலில் உலகச் சாதனையைச் சமன் செய்தவர், இங்கிலாந்துக்குக் கால்பந்து (அமெரிக்கக் கால்பந்து அல்ல) ஆடியவர், 1902இல் சவுத்தாம்ப்டனுக்காக எஃப்ஏ கோப்பை இறுதியில் இறங்கியவர். கிரிக்கெட்டில் 26 டெஸ்டுகள், முதல்தர ஆட்டங்களில் 94 சதங்கள். 1901இல் தொடர்ச்சியாக ஆறு சதங்கள். அல்பேனியாவின் அரியணை தன்னைத் தேடி வந்தது என்றும் அவரே சொல்லிக்கொண்டார், அதை நம்புவது உங்கள் விருப்பம். கால்பந்தில் அவர் இங்கிலாந்துக்கு ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அவருடையது ஒரு சிகரமும் இரண்டு நல்ல குன்றுகளும்.

நம் மண்ணிலும் இந்த வகை ஆட்கள் இருந்தார்கள். சென்னையின் சி. ராமசாமி 1922இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 40 வயதில், மான்செஸ்டரில் கிரிக்கெட் டெஸ்டில் அறிமுகமாகி 40, 60 என்று ரன் எடுத்தார். எம்.ஜே. கோபாலன் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர், தியான் சந்தோடு ஹாக்கிச் சுற்றுப்பயணம் போனவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவரை ஆடவைக்கவில்லை. ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. உலக முதலிடத்துக்கான போட்டியில் இவர்களை நிறுத்த முடியாது என்றாலும், ஒரே கோடையில் இரண்டு விளையாட்டும் அழைத்தால் என்ன ஆகும் என்பதைக் கோபாலன் கதையைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

இன்றும் அதேதான் சிக்கல். ஆஸ்திரேலியாவின் எல்லிஸ் பெர்ரி 16 வயதில் கிரிக்கெட், கால்பந்து இரண்டிலும் நாட்டுக்கு ஆடினார். 2011 கால்பந்து உலகக் கோப்பையில் கோலும் போட்டார். கடைசியில் கிரிக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டார். விதிவிலக்கு செக் நாட்டின் எஸ்தர் லெடெட்ஸ்கா. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில், 26ஆவது ஆளாகப் புறப்பட்டு, சூப்பர் ஜி பனிச்சறுக்கில் நொடியில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கம் வென்றார். ஒரு வாரத்தில் ஸ்னோபோர்டிலும் தங்கம். இரண்டும் பனிமலைச் சரிவில் நடப்பவைதான். ஆனால் இரண்டு பலகைகளில் முன்னோக்கி நிற்பதும் ஒற்றைப் பலகையில் பக்கவாட்டில் நிற்பதும் உடலுக்கு வேறு வேறு பழக்கங்கள்.

என் வாக்கு பேப் டிட்ரிக்சனுக்கு. உடலின் வேகத்தால் ஒரு சிகரம், கையின் நிதானத்தால் இன்னொரு சிகரம், இரண்டுக்கும் இடையே 22 ஆண்டுகள். இரண்டாம் இடத்துக்குத் தார்ப், மூன்றாவது ஜாக்சன். இந்த வரிசையில் நான் அசையத் தயாராக இருக்கும் இடம் ஒன்றே. லெடெட்ஸ்கா பனியை விட்டு வேறொரு களத்தில் இறங்கி வென்று காட்டினால், ஜாக்சனை ஒரு படி கீழே இறக்குவேன்.