மெத்தடோனா, புப்ரெனார்ஃபினா?

மன உறுதி இருந்தால் ஹெராயினை விட்டுவிடலாம் என்பவர்கள், விடும் முதல் வாரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள். உடல்வலி, வாந்தி, தூக்கமில்லாத இரவுகள். அது ஓய்ந்தாலும் ஏக்கம் மாதக்கணக்கில் விடாது. மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற இரண்டு மருந்துகளும் ஹெராயின் போய் ஒட்டும் அதே மூளை ஏற்பிகளில் உட்கார்ந்து அந்த ஏக்கத்தை அடக்குகின்றன.

மெத்தடோன் பழையது. 1960களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் இதைச் சிகிச்சையாக்கினார்கள். ஏற்பியை முழுமையாகத் தூண்டும். அதனால் கடுமையான பழக்கத்தையும் தாங்கிப் பிடிக்கும், நோயாளிகள் பாதியில் விலகுவதும் குறைவு. ஆனால் அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும், இதயத் துடிப்பும் தடுமாறலாம். அமெரிக்காவில் இதற்கென உரிமம் பெற்ற மையங்களில்தான் கிடைக்கும். ஆரம்பத்தில் அனேகமாகத் தினமும் போய் நிற்க வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய தொல்லை.

புப்ரெனார்ஃபின் ஏற்பியை ஓரளவுதான் தூண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் மருந்தைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் விளைவு அவ்வளவாக அதிகரிக்காது. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் கதை வேறு. நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கலாம், மாத ஊசியும் உண்டு. சிக்கல் தொடக்கத்தில்தான்: ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால், அதைத் தள்ளிவிட்டு விலகல் அவதியை (முதலில் சொன்ன அந்த வலி, வாந்தி) சட்டென்று கிளப்பிவிடும். 2023 முதல் அமெரிக்காவில் இதை எழுதித் தர மருத்துவருக்குத் தனி அனுமதி தேவையில்லை.

என் சாய்வு, முதலில் புப்ரெனார்ஃபின். அது போதாதவருக்கு மெத்தடோன்.