புதிய சொகுசுக் கப்பலில் பதிவு செய்ய யோசிக்கிறீர்களா? 6,400 டாலர் போன கதையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்

சற்று முன்புதான் கடைசி மின்னஞ்சல் வந்தது. "உங்கள் கோரிக்கை பரிசீலித்து முடிக்கப்பட்டது" என்று ஒரே வரி. பணம் கிடையாது. 6,400 டாலர்! இன்றைக்கே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த சீசனுக்கு இன்னமும் விளம்பரம் போட்டு வசூலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெயரைப் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் அது இது என்று இழுப்பார்கள். புதிதாகத் தொடங்கிய சொகுசுக் கப்பல் பயண நிறுவனம். சின்னக் கப்பல், எல்லா அறையும் சூட் எனப்படும் பெரிய சொகுசு அறை, எல்லாவற்றுக்கும் பால்கனி, சாப்பாடு, மது, டிப்ஸ் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். கப்பல் அப்போது கட்டும் தளத்திலேயே இருந்தது, முதல் சீசன் என்பதால் சலுகை விலை என்றார்கள்.

நம்பியது எந்த இடத்தில் என்றால், அந்த வீடியோ அழைப்பில்தான். விற்பனைப் பிரிவுக்காரர் கப்பலின் தள வரைபடத்தைத் திரையில் திறந்து வைத்து, மனைவிக்குக் கடல் பயணத்தில் தலைசுற்றும் என்று நான் சொன்னதும், முன்பக்க அறைகளை எல்லாம் தாண்டி நடுவில் இருந்த ஓர் அறையைப் பெரிதாக்கிக் காட்டினார். இங்கே ஆட்டம் குறைவு, மேலேயும் கீழேயும் பயணிகளின் அறைகள்தான், அதனால் ராத்திரியில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்காது, லிஃப்டும் தள்ளித்தான் இருக்கிறது என்று அவ்வளவு பொறுமையாக விளக்கினார். சொன்னது எல்லாமே சரியான விஷயம். இத்தனை அக்கறையாகப் பேசுகிற ஆள் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? கப்பல் தாமதமானால் என்ன செய்வீர்கள் என்று நேராகவே கேட்டேன். ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்காரர்களின் எவ்ரிமா கப்பலே 2020 பிப்ரவரியில் கிளம்ப வேண்டியது, 2022 அக்டோபரில்தான் கிளம்பியது, இந்தத் தொழிலில் அது சகஜம், ஆனால் எங்கள் கப்பலில் உள் அலங்கார வேலை மட்டும்தான் பாக்கி என்றார். அப்புறம், முழுத் தொகையையும் இப்போதே வங்கிப் பரிமாற்றமாக அனுப்பினால் பத்து சதவீதம் தள்ளுபடி. அனுப்பினோம். கொஞ்ச நாளில் ரிப்பன் கட்டிய ஒரு பெட்டி வந்தது, உள்ளே எங்கள் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்த தோல் லக்கேஜ் அட்டைகள்! கிளம்பாத கப்பலுக்கு!

அடுத்து வந்தது "உற்சாகமான செய்தி" என்று தலைப்பிட்ட ஒரு மின்னஞ்சல். கப்பல் தயாராகவில்லை, உங்கள் பயணம் ரத்து, ஆனால் உங்கள் பணம் எதிர்காலப் பயணக் கிரெடிட்டாகப் பத்திரமாக இருக்கிறது. பத்திரமாம். ஓராண்டுக்குள் அவர்களிடமே பயன்படுத்த வேண்டும், அதுவும் அன்றைய விலைக்கு. அதே அறையின் விலையை இதற்குள் ஏற்றிவிட்டார்கள்.

ரொக்கம் கேட்டேன். வாடிக்கையாளர் பிரிவு, கணக்குப் பிரிவைக் கேளுங்கள் என்றது. கணக்குப் பிரிவு, பதிவு செய்து கொடுத்தவரைக் கேளுங்கள் என்றது. அவரோ, நான் இப்போது வேறு பிரிவில் இருக்கிறேன், உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது என்று எழுதினார். என்னத்தைப் புரிந்தாரோ! 6,400 டாலரை அவர் எண்ணித் தருவாரா?

வங்கியில் கேட்டால், கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலமாகவே திரும்பக் கேட்கலாம், நீங்களே அனுப்பிய பரிமாற்றத்தை எங்களால் திருப்ப முடியாது என்கிறார்கள். அந்தத் தள்ளுபடி எதற்கு என்று இப்போது புரிகிறதா? பயணப் பாதுகாப்புத் திட்டம் என்று தனியாகக் காசு வாங்கினார்களே, அது காப்பீடே இல்லை. அவர்களே நடத்துவது, அதிலும் கிடைப்பது கிரெடிட்தான். அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறும் பயணம் என்றால் அங்குள்ள கூட்டாட்சிக் கடல்சார் ஆணையத்தின் விதி உண்டு, ரத்தானாலோ 3 நாளோ அதற்கு மேலோ தாமதமானாலோ பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதற்காக நிறுவனங்கள் பிணைத்தொகையும் காட்ட வேண்டும். எங்கள் பயணம் அங்கிருந்து கிளம்புவது இல்லை, அந்தக் கதவும் மூடிக்கிடக்கிறது.

ஏதோ புது நிறுவனம் தடுமாறுகிறது, பொறுத்துப் போகலாமே என்பவர்களுக்கு ஒன்று. பல வருடம் பெயரெடுத்த கிரிஸ்டல் குரூஸஸ் 2022 ஜனவரியில் என்ன ஆனது? எரிபொருள் பாக்கிக்காகக் கப்பலைப் பிடிக்க மயாமியில் ஆணை காத்திருந்தது, பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்த கிரிஸ்டல் சிம்பொனி பஹாமாஸின் பிமினிக்குத் திரும்பிப் போனது. அவர்களுக்கே அந்தக் கதி. இன்னும் ஒரு தடவைகூட ஓடாத கப்பலுக்கு முழுப் பணத்தையும் கொடுப்பது என்பது, பிணை இல்லாமல் அவர்களுக்குக் கடன் கொடுப்பதுதான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. முதல் சீசனைத் தொடவே தொடாதீர்கள், கப்பல் ஓடட்டும், ஆட்கள் போய்வந்து சொல்லட்டும். கார்டில் மட்டும் கட்டுங்கள், முன்தொகையோடு நிறுத்துங்கள், மீதியைக் கெடு நாள் வரை கொடுக்காதீர்கள். காப்பீட்டை வெளியே வாங்குங்கள், நிறுவனம் திவாலானால் பணம் வரும் என்று அதில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டு இதே "உற்சாகமான செய்தி"யை வாங்கியவர்கள், அதில் இருக்கும் "கிரெடிட்டை ஏற்கிறேன்" பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள். அழுத்தினால் ரொக்கம் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.