வில்லைக் கொடுத்து மரம் வாங்கும்போது எதற்கு எது ஈடு?

கப்பிகள் பூட்டிய காம்பவுண்ட் வில்லும் கார்பன் அம்பும் அலமாரியில் கிடக்க, மனம் மட்டும் மரவில்லின் பக்கம் போய்விட்டதென்றால், பண்டமாற்று நல்ல வழி. இருக்கும் உபகரணத்தைக் கொடுத்து வில் செதுக்கத் தகுந்த கட்டை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இந்த இரண்டும் ஒரே குணமுள்ள பொருள்கள் அல்ல. ஆலையில் செய்த வில் இன்றே எய்யத் தயார். நாளாக ஆக மதிப்பு இறங்கும். கட்டையோ, பக்குவமாகக் காய்ந்து முடியும்வரை மதிப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் என்ன மரம் என்று கேட்பதற்கு முன்னால், எந்த நிலையில் இருக்கும் மரம் என்று கேட்க வேண்டும்.

முதலில் கொடுக்கும் பக்கம். காம்பவுண்ட் வில் வாங்கும்போது விலை கூடுதல், மாற்றும்போது மதிப்பு குறைவு. அதன் இழுப்பு நீளம் கப்பியின் அமைப்போடு பிணைந்தது; எதிராளியின் கைநீளத்துக்கும் இடக்கை வலக்கைப் பழக்கத்துக்கும் ஒத்துவந்தால்தான் அவருக்கு அது பயன்படும். நாணையும் கேபிளையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த ரிகர்வ் வில்லில், கைகளைப் பொருத்தும் பொதுவான முறையான ஐ.எல்.எஃப். வகை அப்படியல்ல. நடுவில் இருக்கும் பிடியும், அதன் மேலும் கீழும் வளையும் பாகங்களான கைகளும் தனித்தனியாகக் கழலும். ஒரு நிறுவனத்தின் கைகள் இன்னொன்றின் பிடியில் பொருந்தும். அதனால் கேட்பவர்கள் அதிகம், பேரத்தில் உங்கள் கையும் ஓங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள். டாக்ரான் நாண் நூலை வைத்துக்கொள்ளுங்கள். சற்றே நெகிழும் அந்த நூல்தான் மரவில்லின் மெல்லிய நுனிகளுக்கு இதமானது. வில்லை இழுக்கத் தேவையான விசையை, அதாவது இழுவிசையை, பார்க்கும் தராசும் செதுக்கும்போது தேவைப்படும். குறைந்த இழுவிசையுள்ள ஒரு வில்லாவது வீட்டில் இருக்கட்டும். கட்டை காயும் மாதங்களில் எய்யாமல் இருந்தால் உடல் பழக்கத்தை மறந்துவிடும்.

வாங்கும் பக்கத்தில்தான் உண்மையான அலசல். பச்சை மரத் துண்டு மலிவு. ஒரு ரிகர்வ் கைக்கு ஈடாக ஒரு முழு அடிமரத் துண்டே கிடைக்கலாம். பார்க்க லாபம் போலத் தெரியும். ஆனால் வெட்டிய உடனே இரு முனைகளிலும் பசையோ மெழுகோ பூசி அடைக்காவிட்டால், முனைகள் மட்டும் வேகமாக உலர்ந்து வெடிப்பு உள்ளே ஓடும். பட்டையை உரித்தால் முதுகையும், அதாவது வில்லில் எய்பவருக்கு எதிர்ப்புறம் வரப்போகும் பக்கத்தையும், பூசி மூட வேண்டும். உரிக்காமல் விட்டால் வண்டு துளைக்கும். பருமனான கட்டை காய ஓராண்டோ அதற்கு மேலோ பிடிக்கும். முறுக்கு இருக்கிறதா என்பது பிளந்து பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும், ஆனால் பட்டையே ஒரு குறிப்புத் தரும். பட்டையின் கோடுகள் சாய்ந்து சுற்றினால் உள்ளே நாரும் சுற்றியிருக்கும். அந்தத் துண்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பிளந்து காயவைத்த கட்டைக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நியாயம்தான், இன்னொருவர் காத்திருந்த காலத்தையும் சேர்த்தல்லவா வாங்குகிறீர்கள். 'காய்ந்துவிட்டது' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். சில வாரங்கள் விட்டு விட்டு எடை போட்டுப் பாருங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்ததாகக் கணக்கு. ஈரமானி பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் சொல்லும். 8 முதல் 10 விழுக்காடு ஈரம் பொதுவாக நல்ல அளவு. அதற்கு வெகுவாக மேலே போனால் வில் வளைந்தபடியே தங்கிவிடும்; மிகவும் உலர்ந்தால் முறியும்.

அறுத்த பலகை மூன்றாவது வழி. நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விலகாமல் நேராக ஓடினால் அதிலும் நல்ல வில் எழும். நார் இடையிலேயே விளிம்பைத் தாண்டி வெளியேறும் பலகை அந்த இடத்திலேயே பிளக்கும். எப்படியும் பலகைக்காக வில்லைக் கொடுப்பது வீண். மரக்கடையிலேயே தேடிப் பொறுக்கிவிடலாம்.

இப்போது இனம். ஓசேஜ் ஆரஞ்சு மரத்துக்கு இருக்கும் பெயர் பொய்யல்ல. வைரம் பாய்ந்த அந்த மஞ்சள் மரம் அமுக்கப்படுவதையும் இழுபடுவதையும் ஒருசேரத் தாங்கும், ஈரக்காற்றுக்கும் எளிதில் தளராது. ஆனால் பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரமான வெளிற்றை நீக்கி, ஒரே ஆண்டு வளையத்தை முதுகு முழுக்கப் பின்தொடர்ந்து இழைக்க வேண்டும். வளையத்தை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் அங்கிருந்தே நார் கிளம்பி வில் பிளக்கும். ஹிக்கரியில் அந்தத் தொல்லை இல்லை. பட்டைக்குக் கீழே இருக்கும் பரப்பே முதுகு. இழுபடுவதைத் தாங்குவதில் அது கெட்டிக்காரன். ஈரத்தை உறிஞ்சுவதுதான் அதன் குறை, நன்றாக உலர்த்தி வைக்க வேண்டும். யூ மரத்தில் வெளிறு முதுகாகவும், உள்மரமான வைரம் எய்பவரை நோக்கும் வயிறாகவும் இயற்கையே சேர்த்துத் தருகிறது. 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த நெடுவிற்கள் யூ மரத்தாலானவை. இங்கிலாந்தில் 1472இல் வந்த ஒரு சட்டம், இறக்குமதிச் சரக்கில் டன்னுக்கு நான்கு வில்கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்றே வணிகர்களைக் கட்டாயப்படுத்தியது. யூ நஞ்சுள்ள மரம் என்பதால் தூளை மூச்சில் இழுக்காமல் முகமூடி அணிந்தே இழைக்க வேண்டும். பெயர்பெற்ற இனம் கிடைக்கவில்லையே என்று வருந்துபவர்களுக்கு ஒரு செய்தி: டென்மார்க்கின் ஹோல்மெகார்டில் கிடைத்த ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையான விற்கள் எல்ம் மரத்தில் செய்தவை.

முதல் வில்லைச் செதுக்கப்போகிறவர், நல்ல ரிகர்வ் ஒன்றுக்கு ஈடாக ஒரே ஒரு உயர்ந்த ஓசேஜ் கட்டையை வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். அதே மதிப்புக்கு இரண்டு மூன்று காய்ந்த ஹிக்கரி கட்டைகளைக் கேளுங்கள். இரு கைகளும் சமமாக வளையும்படி இழைப்பது முதல் கட்டையிலேயே கைவராது. அடுத்தது இருக்கிறது என்ற தைரியம் அவசரத்தைக் குறைக்கும். ஓரளவு கை பழகியவருக்கு ஓசேஜ் கட்டாயம் தகும்.

எதிராளி தொலைவில் இருந்தால் அரைநீளக் கட்டை ஜோடியைப் பாருங்கள். 28 அங்குலம் இழுப்பவருக்கு 66 அங்குல அளவில் வில் வேண்டும். அந்த நீளத்தில் குறையற்ற கட்டை அரிது, அனுப்பும் செலவும் அதிகம். ஒரே மரத்தில் அடுத்தடுத்துப் பிளந்த இரண்டு குட்டைத் துண்டுகளைப் பிடியில் பல் வெட்டிப் பிணைத்தால் அதே வேலை நடக்கும். இணைப்பு கச்சிதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒப்புக்கொள்ளும் முன் முனைகளின் வெட்டுமுகம், முதுகு, பக்கவாட்டு மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வில்லின் கை நுனிகளையும் கீறல் இருக்கும் இடங்களையும் நீங்களும் ஒளிக்காமல் காட்டுங்கள்.